நாற்றைக் காக்கும் பூசணம்

மாணவர்களே, மாலையிற் பசுமையாய் நின்ற மிளகாய் நாற்றுகள் மறுநாட் காலையில் தண்டின் அடி நைந்து சாய்ந்து கிடத்தலைக் கண்டிருப்பீர்கள். இது நாற்றழுகல் நோய். ரைசோக்டோனியா முதலியன மண்ணிற் பெருகி இதனை விளைக்கின்றன. ஒரு பாத்தி அழியின், உழவர்க்கு விதையோடு பருவமும் போகும்.

இப்பகையை அடக்கும் துணையும் மண்ணிலேயே உண்டு. டிரைக்கோடெர்மா என்னும் பசும்பூசணம், பகைப்பூசணத்தின் இழையைக் கொடிபோற் சுற்றிக்கொள்ளும். அதன் சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதை உணவாகக் கொள்ளும். பூசணத்தைப் பூசணமே உண்ணும் இவ்வியல்பைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்த வைண்ட்லிங் என்னும் அறிஞர் 1932ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். எலுமிச்சை இனத்து நாற்றுகளின் அழுகலே அவரை இவ்வாராய்ச்சியிற் செலுத்தியது.

இன்று நம் உழவர், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடிப் பொடியைக் கலந்து விதைக்கின்றனர். முளை வெளிப்படுமுன்பே காவல் அமைந்துவிடுகிறது. நாற்றுச் சாய்ந்தபின் தூவினால் அது மீளாது. ஐயம் நீங்கப் பூசணக்கொல்லி மருந்தையும் உடன் கலப்பார் சிலர். அந்தோ! அம்மருந்து பெரும்பாலும் பகையோடு காவலையும் கொன்றுவிடும். நீர் தேங்கும் பாத்தியிலோ இப்பூசணமும் தளரும். ஆதலின் பாத்தியை உயர்த்தி, விதையை நெருக்கமின்றித் தூவி, நீரை அளவாகத் தெளித்தல் வேண்டும்.