யாழ்: ஒரு நரம்பு, ஒரு சுரம்

மயிலாப்பூர் சபாக்கள்ல வீணை கேட்டிருப்பீங்க. யாழ்? அதுதான் நம்ம ஊர் ஹார்ப். பத்தர்ங்கிற மரக்குடம், மேல தோல் போர்வை, வில்லா வளையும் கோடு, நடுவுல நரம்புகள். செங்கோட்டியாழுக்கு 7, பேரியாழுக்கு 21.

பிசிக்ஸ் சிம்பிள்: இழுவிசையும் தடிமனும் மாறாம நீளம் பாதியானா, அதிர்வெண் இரட்டிப்பு. அதனாலதான் நரம்புகள் படிப்படியா குட்டையாகுது. ஆனா ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். வீணையில மெட்டு மேல தந்தியை இழுத்தா கமகம் வரும். யாழ் பின்தங்கினதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றாங்க.

மரமும் தோலும் மக்கிடும், வர்ணனை மக்காது. பொருநராற்றுப்படை, சிலப்பதிகாரம் போன்ற நூல்களை ஆராய்ந்து, விபுலாநந்த அடிகள் 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அந்த வர்ணனையை நம்ம கேட் லேப்ல 3டி மாடலா வரைஞ்சு பார்க்கலாமே?