சோட்டாணிக்கரைக்குப் போகலாம், மாத்திரையை நிறுத்தாமல்

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், ஒரே வீட்டுக்குள் தமிழும் மலையாளமும் புழங்கும் ஊர் நல்லேப்பிள்ளி. இந்தப் பக்கத்தில் ஒரு பெண் ராத்திரி தூங்காமல் தனக்குத்தானே பேச ஆரம்பித்தால், வீட்டாருக்கு முதலில் ஞாபகம் வருவது மந்திரவாதி. அடுத்து சோட்டாணிக்கரை, அல்லது கிழக்கே ஆனைமலை மாசாணியம்மன். ஆஸ்பத்திரி கடைசியில்தான். அதையொட்டி உலவும் பேச்சுகளில் சில:

"பேய் பிடித்ததற்கு டாக்டர் என்ன செய்வார்?"

சோட்டாணிக்கரைக் கீழ்க்காவில் குருதி பூஜை நேரத்தில் தலைவிரித்து ஆடுகிறவர்களையும், அங்குள்ள பாலை மரத்தில் அறைந்திருக்கும் ஆணிகளையும் பார்த்தவருக்கு இந்த நம்பிக்கை லேசில் போகாது. ஆட்டம் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். புகுந்த வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாத துயரம் பேயாகவோ சாமியாகவோ வந்து பேசுவது உண்டு. அன்றைக்காவது அவள் பேச்சை வீடே கேட்கிறதே. மாசாணியம்மன் சன்னிதி நீதிக்கல்லில் மிளகாயை அரைத்துப் பூசிவிட்டு வருகிறவளுக்கும் நெஞ்சுபாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளுகிறாள், இது வாரக்கணக்கில் போகிறது என்றால் மனச்சிதைவாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டும். தள்ளிப்போடப் போட, தேறி வருவது கடினமாகும்.

"கோயிலில் தங்கித் தேறுவதெல்லாம் ஏமாற்று."

இது படித்தவர்களின் மூடநம்பிக்கை. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை, 2000-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமின் குழு ஆராய்ந்தது. பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. தனியாக மந்திரிப்போ சடங்கோ கிடையாது. கூடவே தங்கும் உறவினர், கோயிலில் சின்னச் சின்ன வேலை, யாரும் விரட்டாத இடம், இவ்வளவுதான். இந்த ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு என்பதால், மருந்துக்கு மாற்றாக இதைக் காட்ட முடியாது.

"ஏர்வாடியில் தர்கா எரிந்தது."

எரிந்தது மனநோயாளிகளைக் கூட்டிவரும் அந்தத் தர்கா அல்ல, பக்கத்தில் அவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. சங்கிலியில் பிணைத்திருந்தார்கள், ஓட முடியவில்லை; 28 பேர் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. வீட்டுத் திண்ணைத் தூணுக்கும் அது பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதே தர்காவில் பின்னாளில் தமிழக அரசு 'தவா-துவா' என்ற பெயரில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க வழி செய்தது.

"மாலை போட்டால் மாத்திரை ஆகாது."

மண்டல விரதம் 41 நாள். அத்தனை நாள் மாத்திரையை விட்டால் நோய் திரும்புவதற்குத் தாராளமாகப் போதும். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும். விரதம் தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று அவர் பார்ப்பார்.

"ஒரு கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்."

ஆகாது. மறைத்துச் செய்தால் இரண்டு குடும்பம் கெடும்.

கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சோட்டாணிக்கரைக்கு வண்டி ஏறும் முன்போ, போய்வந்த பிறகோ, ஒருமுறை கூப்பிடுங்கள். பூசாரியிடம் சொன்னதை ஒன்றுவிடாமல் டாக்டரிடமும் சொல்லுங்கள்.