ஆப் விழும்போது: கடத்தூரில் கோடிங் தொடங்கும் பிள்ளைகளுக்கு

1. உன் போனில் ஓடிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதே, கண்ணு. கடத்தூர் கடைவீதியில் நாலு பேரின் போனை வாங்கிப் பார், ஆண்ட்ராய்டு பதிப்பு ஆளுக்கொன்றாக இருக்கும். டார்கெட் எஸ்டிகே 24 வைத்துக்கொண்டு ஃபைல் முகவரியை நேராக வேறொரு ஆப்புக்குக் கொடுத்தால், ஆறாம் பதிப்பில் ஓடும், 2016இல் வந்த ஏழில் கிராஷ் ஆகும்.

2. யாரும் பிடிக்காத எக்செப்ஷன் கடைசியில் வந்து சேரும் ஹேண்ட்லரை (அன்காட் எக்செப்ஷன் ஹேண்ட்லர்) எழுதப் பழகியதும், கிராஷை விழுங்கிவிட்டு ஆப்பை ஓட்டலாமே என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். மெயின் த்ரெட் போன பிறகு திரை உறைந்து நிற்கும், தொட்டாலும் அசையாது. பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அக்காவுக்கு, எழுதியது பதிவானதா இல்லையா என்றே தெரியாது. ஹேண்ட்லர் சாட்சி மட்டும்தான். நடந்ததை எழுதிவிட்டு ஆப்பைச் சாகவிட வேண்டும். உன் ஹேண்ட்லரைப் பதியும் முன்பே, ஏற்கெனவே இருப்பதை வாங்கி வைத்துக்கொள். உன் வேலை முடிந்ததும் அதனிடம் ஒப்படைத்துவிடு. கிராஷ் ரிப்போர்ட் அனுப்பும் கிராஷ்லிட்டிக்ஸ் போன்றவையும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. நீ சங்கிலியை அறுத்தால் அவற்றுக்கும் சேதி போகாது.

3. 2017இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, ஆண்ட்ராய்டின் பதிவேடான லாக்கேட்டில் 'ஃபேட்டல் எக்செப்ஷன்' என்று எழுதியதும், ஏற்கெனவே இருந்த அந்த சிஸ்டம் ஹேண்ட்லர்தான். அதை அழைக்காமல் விட்டால் ஒரு வரிகூட மிஞ்சாது. எட்டிலிருந்து அந்தப் பதிவு தனியாக நடக்கிறது. அதனால் ஒரே கோட் புதுப் போனில் தடயம் வைக்கும், பழைய போனில் வைக்காது. இது தெரியாமல் நாள் கணக்கில் அலைந்த நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

4. ஹேண்ட்லருக்குள் இன்டர்நெட்டைத் தொடாதே. மெமரி தீர்ந்துதான் ஆப் விழுகிறது என்றால், உன் ஹேண்ட்லருக்கும் இடம் இருக்காது. சின்ன ஃபைலில் எழுது. அடுத்த முறை ஆப் திறக்கும்போது அனுப்பு.

5. சி++ பகுதியில் விழுந்தால் ஜாவா ஹேண்ட்லருக்குத் தெரியவே வராது. 2020இல் வந்த பதினொன்றிலிருந்து, போன முறை ஆப் ஏன் செத்தது என்று சிஸ்டத்திடமே கேட்கலாம்: கிராஷா, நேட்டிவ் கிராஷா, மெமரி இல்லாமல் சிஸ்டமே மூடியதா என்று அது சொல்லும். அதைக் கேட்காமல் ஊகித்துக்கொண்டு உட்காராதே.

6. ஸ்டாக் டிரேஸில் மேல் வரியோடு நின்றுவிடாதே. 'காஸ்டு பை' என்று வரும் கடைசி இடம்வரை இறங்கிப் படி.

7. வெளியீட்டுக்காகக் கோடைச் சுருக்கும் ஆர்8, பெரும்பாலான கிளாஸ் பெயர்களை ஓரிரு எழுத்தாக்கிவிடும். அவற்றின் அசல் பெயரைச் சொல்லும் மேப்பிங் ஃபைலை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பதிப்பு எண் போட்டு எடுத்து வை. போன மாத ஏபிகேயை இன்னமும் யாரோ வைத்திருப்பார்கள். அவர்கள் போனிலிருந்து வரும் ரிப்போர்ட்டுக்கு அந்த மாத மேப்பிங்தான் வேண்டும்.