ஐந்து மாணவர்களோடு தொடங்கிய உடற்கல்வி

திருநீர்மலையிலிருந்து பல்லாவரம் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால், கிண்டியையும் அடையாற்றுப் பாலத்தையும் தாண்டியபின் நந்தனத்தில் ஒரு பெரிய வளாகம் வரும். அது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. நம் பள்ளிகளின் உடற்கல்விப் பாடவேளைக்குத் தாய்வீடு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இதை நிறுவியவர் ஹாரி குரோ பக். 1884இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியதும் அங்கேதான். 1919இல் சென்னை வந்த பக், மறு ஆண்டே ஐந்து மாணவர்களோடு கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே மேலாளர். 1943இல் மறையும்வரை அவருடைய பணி இந்தக் கல்லூரியைச் சுற்றியே இருந்தது.

ஒலிம்பிக் அணியோடு போய்வந்தவர் அடுத்த வீரரைத் தேடிப் புறப்பட்டிருக்கலாம். பக் ஆசிரியர்களை உருவாக்கினார். அக்காலப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். படையிலிருந்து ஓய்வுபெற்றவர் கட்டளையிடுவார். பிள்ளைகள் வரிசையில் நின்று கைகாலை நீட்டி மடக்குவார்கள். அந்த இடத்துக்கு விளையாட்டைக் கொண்டுவந்ததில் அவருடைய கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூலில் மேனாட்டு ஆட்டங்களோடு நம் சடுகுடுவும் கோ-கோவும் இடம்பெற்றன. இது சிறிய செய்தி அன்று. விதி எழுத்தில் இருந்தால்தான் முன்பின் அறியாத இரு ஊர்ப் பிள்ளைகள் சண்டையில்லாமல் ஆட முடியும்.

இன்றைய நிலை நமக்குத் தெரியும். தேர்வு நெருங்கினால் முதலில் கைமாறுவது உடற்கல்விப் பாடவேளைதான். அது தப்பித்த நாளிலும் நாற்பது பேருக்கு ஒரே பந்து. நன்றாக ஆடும் பதினொரு பேர் ஓடுவார்கள். மற்றவர்கள் புத்தகப்பைக்குக் காவல். என் பார்வையில், பாடவேளையைக் கணக்குக்குக் கொடுப்பதைவிட இது பெரிய இழப்பு. விளையாட்டு தனக்கானதன்று என்று அந்தப் பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த வாரம் இப்படிச் செய்து பாருங்கள். வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு வட்டமாக நின்று பந்தைக் கடத்தட்டும். ஒருவரையே இருமுறை தொடர்ந்து பார்த்து எறியக்கூடாது. இன்னொரு குழுவுக்குச் சடுகுடு. கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். மூன்றாவது குழுவுக்குத் தொடர் ஓட்டம். நான்காவது குழு நடுவராகவும் புள்ளி குறிப்பவராகவும் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தொடக்கப்பள்ளியில் வகுப்பாசிரியரே இதை நடத்தலாம்.

மதிப்பீட்டுக்கு வெற்றி தோல்வியை எடுக்க வேண்டாம். பந்து கடத்தும் குழுவில் யார் யார் கைக்குப் பந்து போனது என்று, கால் அடிபட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். கோடே விழாத பெயர்களிலிருந்து அடுத்த பாடவேளையின் ஆட்டத்தைத் தொடங்குங்கள்.