போகாத ஊருக்கு வழி! (போக்கிமான் நிலங்கள் – ஒரு சிறு ஆய்வு)

 

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், சிமென்ட், கம்பி, பாலம் என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் என் வகுப்பு நண்பர்கள் நினைத்தார்கள். தலைப்பைச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். "டேய், அது சின்னப் பசங்க விளையாட்டுடா!" என்றான் ஒருவன். சிரிக்கட்டும். கடைசி வரி வரை படித்துவிட்டுச் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஊருக்கு வந்தவர், பழைய கேம்பாய் அட்வான்ஸ் பெட்டி ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதில் போக்கிமான் விளையாட்டு இருந்தது. அடிக்கடி வழி தவறிவிடும். அதனால் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஊர்களையும் பாதைகளையும் வரைந்து வைத்துக்கொண்டேன். அதை அம்மா பார்த்துவிட்டு, "போகாத ஊருக்கு எதுக்குடா வழி வரையற?" என்று கேட்டார். அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இப்போது சிவில் டிப்ளமோவில் சர்வே பாடம் படித்த பிறகு கொஞ்சம் தெரிகிறது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

படைத்தவர் யார்?

பாக்கெட் மான்ஸ்டர் என்பதன் சுருக்கமே போக்கிமான். புல்வெளியிலும் குகையிலும் கடலிலும் திரியும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, நண்பர்களோடு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு இது. முதல் விளையாட்டு 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தது. சிவப்பு, பச்சை என்று இரண்டு வகை. அதில் இருந்தவை 151 பிராணிகள். இன்றைக்கு அந்த எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டிவிட்டது.

இதைப் படைத்தவர் சடோஷி தஜிரி. 1965-இல் பிறந்தவர். டோக்கியோவின் மேற்கே உள்ள மச்சிதாவில் வளர்ந்தார். நம்மைப் போலவே அவரும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில், எலக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும் இரண்டு ஆண்டுகள் படித்தவர்தான். 1983-இல் 'கேம் ஃப்ரீக்' என்ற பெயரில் கையாலேயே எழுதி, நகல் எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து ஒரு பத்திரிகை நடத்தினார். அந்தப் பத்திரிகையைப் பார்த்து வந்து சேர்ந்த ஓவியர்தான் கென் சுகிமோரி. பின்னாளில் போக்கிமான்களுக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். 1989-இல் அதே பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். முதல் போக்கிமானை முடிக்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின. ஸ்டேப்ளர் பின் அடித்த பத்திரிகையிலிருந்து இவ்வளவு தூரம் வரலாம் என்றால், நம் ஆண்டு மலரையும் யாரும் லேசாக நினைக்க வேண்டாம்!

சிறு வயதில் தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். கூட இருந்த பிள்ளைகள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்றே கூப்பிட்டார்களாம். ஆனால் அவர் வளர வளர மச்சிதாவும் நகரமாக வளர்ந்தது. பூச்சிகள் இருந்த வயலும் குட்டையும் மறைந்து, ரோடும் கட்டடமும் வந்தன. தான் அனுபவித்த சந்தோஷம் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதே என்ற ஏக்கம் அவருக்குள் இருந்தது. இரண்டு கேம்பாய்களை இணைக்கும் ஒயரைப் பார்த்தபோது, அதன் வழியாக ஒரு பூச்சி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. போக்கிமானின் விதை அதுதான்.

பத்துக்கு ஒன்பது கட்டத்தில் ஒரு நாடு

முதல் நிலத்தின் பெயர் காண்டோ. இது கற்பனைப் பெயரே அல்ல. டோக்கியோ இருக்கும் பகுதிக்கு ஜப்பானில் உண்மையாகவே வழங்கும் பெயர். இந்த நிலத்தை எவ்வளவு சிறிய இடத்தில் அடக்கினார்கள் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கேம்பாய் திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள். படம் முழுவதும் 8-க்கு 8 புள்ளி உள்ள சிறு ஓடுகளால் ஆனது. 160-ஐ 8-ஆல் வகுத்தால் 20. 144-ஐ 8-ஆல் வகுத்தால் 18. ஆக ஒரு திரைக்கு 360 ஓடுகள். நம் ஆள் ஒரு எட்டு வைத்தால் 16 புள்ளி நகர்வான். அப்படியானால் ஒரே நேரத்தில் கண்ணில் படும் நிலம் 10-க்கு 9 கட்டம் மட்டுமே! முழு விளையாட்டும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று நாம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரிது.

இவ்வளவு சிறிய இடம் எப்படி ஒரு நாடாகத் தோன்றுகிறது? தடைகளால்தான். மேட்டிலிருந்து குதித்து இறங்கலாம். திரும்ப ஏற முடியாது. ஒரு சிறு மரம் வழியை மறிக்கும். வெட்டத் தெரிந்த போக்கிமான் வேண்டும். கடலைக் கடக்க நீந்தத் தெரிந்தது வேண்டும். ஓரிடத்தில் ஸ்னார்லாக்ஸ் என்ற குண்டுப் பிராணி நடு ரோட்டில் படுத்துத் தூங்கும். அதை எழுப்பப் புல்லாங்குழல் தேவை. இப்படிச் சுற்றிச் சுற்றி நடந்து, பார்த்த ஊரையே வேறு வழியாக மறுபடி பார்க்கும்போது நிலம் மனதில் பெரிதாகிறது. தூரம் என்பது மீட்டரில் மட்டும் இல்லை, நடக்கிறவனின் பாட்டிலும் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஜப்பானின் நான்கு நிலங்கள்

1999-இல் வந்தது ஜோட்டோ. இது கியோட்டோவும் ஒசாகாவும் உள்ள கன்சாய் பகுதி. எக்ருடீக் என்ற பழைய கோபுர நகரம் கியோட்டோவை வைத்தும், கோல்டன்ராடு என்ற வியாபார நகரம் ஒசாகாவை வைத்தும் அமைந்தவை. இதே விளையாட்டில் பழைய காண்டோவுக்கும் போகலாம். கதைப்படி மூன்று வருடம் கழித்துப் போகிறோம். போனால், சின்னபார் தீவில் இருந்த ஊரை எரிமலை அழித்துவிட்டிருக்கும்! கற்பனை நிலத்துக்கும் வயசாகும் என்று காட்டிய இடம் இது.

2002-இல் ஹோயென். இது ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷு தீவு. ஆனால் படத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் பொருந்தாது. கியூஷுவை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். நிஜத்தில் ராக்கெட் ஏவுதளம் உள்ள தனெகஷிமா தீவு கியூஷுவுக்குத் தெற்கே இருக்கிறது; விளையாட்டில் விண்வெளி மையம் உள்ள மாஸ்டீப் தீவு கிழக்கே இருக்கும். வடக்கு அம்புக்குறி போடாத டிராயிங்குக்கு மார்க் கிடையாது என்று நம் லேபில் ஏன் சொல்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதா?

ஹோயெனில் ஒரு சாலையில் எப்போதும் எரிமலைச் சாம்பல் கொட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சேர்த்துக்கொண்டு போனால் கண்ணாடிப் புல்லாங்குழல் செய்து தருவார்கள். நிஜக் கியூஷுவில் சகுரஜிமா எரிமலை ககோஷிமா நகரத்தின் மேல் சாம்பலைத் தூவுகிறது. அதை அள்ளிப் போட நகராட்சியே மஞ்சள் பை கொடுக்கிறது. பார்த்தீர்களா, வீட்டு வாசலைப் பெருக்கும் வேலை கூட விளையாட்டில் இடம் பிடித்துவிட்டது!

2006-இல் சின்னோ. இது வடகோடியில் உள்ள பனி நிறைந்த ஹொக்கைடோ தீவு. இந்த நிலத்துக்கு மட்டும் நான் கொஞ்சம் பிறகு திரும்பி வருவேன்.

கடல் கடந்த நிலங்கள்

2010-இல் யுனோவா வந்தது. மூலத் தொடரில் ஜப்பானை விட்டு வெளியே போன முதல் நிலம். நியூயார்க் நகரத்தையும் அதன் தொங்கு பாலத்தையும் வைத்து வரைந்தது. 2013-இல் காலோஸ், இது பிரான்ஸ். இதன் லுமியோஸ் நகரம் பாரிஸ். நடுவில் ஐஃபில் கோபுரம் போல ஒன்று நிற்கும். 2016-இல் அலோலா, இது ஹவாய்த் தீவுகள். 2019-இல் கலார், இது பிரிட்டன், அதுவும் தலைகீழாக! லண்டன் மாதிரியான வின்டன் நகரம் படத்தில் வடக்கே இருக்கும். 2022-இல் பால்டியா, இது ஸ்பெயினும் போர்ச்சுகலும். அங்கே எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். பத்துக்கு ஒன்பது கட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்!

இவற்றில் அலோலாவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே ராட்டட்டா என்ற எலி பெருகிவிட்டது. அதை ஒழிக்க யங்கூஸ் என்ற கீரியை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். எலி என்ன செய்தது? பகலில் கீரி நடமாடுகிறது என்று தன் வாழ்க்கையை இரவுக்கு மாற்றிக்கொண்டது. நிறமும் கறுப்பானது. இது கதை.

நிஜம் என்ன? கரும்புத் தோட்டத்தில் எலித் தொல்லை தாங்காமல் 1883-இல் ஹவாய்த் தோட்டக்காரர்கள் ஜமைக்காவிலிருந்து கீரிகளை இறக்கினார்கள். அந்த ஜமைக்காவுக்கே கீரி போனது 1872-இல், நம் கல்கத்தாவிலிருந்து! கீரி பகலில் வேட்டையாடும். எலி இரவில் வெளியே வரும். இரண்டும் சந்திப்பதே குறைவு. எலி ஒழியவில்லை. கீரியோ தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்று தீர்த்தது. திட்டம் போட்டவர்கள் இடத்தை அளந்தார்கள், நேரத்தை அளக்கவில்லை. இரண்டு கற்பனைப் பிராணிகளுக்குள் இந்த வரலாறு முழுவதையும் வைத்துவிட்டார்கள்.

கலாரில் இன்னொன்று. ஜோட்டோவில் கோர்சோலா என்பது இளஞ்சிவப்புப் பவளப் பிராணி. கலாரில் அதே கோர்சோலா வெள்ளை வெளேரென்று பேயாக இருக்கும். திடீர்த் தட்பவெப்ப மாற்றத்தால் பழங்காலத்தில் அழிந்துபோனது என்று விளையாட்டின் குறிப்பேடு சொல்கிறது. உண்மையிலும் கடல் நீர் சூடானால் பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். ஒரே வரியில் எவ்வளவு பெரிய பாடம்!

சர்வே எடுத்தது யாருக்காக?

இப்போது சின்னோவுக்குத் திரும்புவோம். 2022 ஜனவரியில் வந்த ஒரு விளையாட்டு அதே நிலத்தின் பழைய காலத்தைக் காட்டியது. அப்போது அதன் பெயர் ஹிசுய். வெளியிலிருந்து வந்த குழுவினர் ஒரு கிராமத்தைக் கட்டுகிறார்கள். அவர்களுக்கு முன்பே இரண்டு இனக் குழுக்கள் அங்கே வாழ்கின்றன. நாம் சேருவது எந்தப் பிரிவில் தெரியுமா? சர்வே பிரிவில்!

ஹொக்கைடோ என்ற பெயரை ஜப்பான் அரசு வைத்தது 1869-இல். அதற்கு முன்பே அங்கே ஐனு மக்கள் வாழ்ந்தார்கள். குடியேற்றம் வந்தது, அவர்களின் நிலம் போனது, மொழியும் தேய்ந்தது. ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று ஜப்பான் சட்டத்தில் எழுதியது 2019-இல்தான். அந்த விளையாட்டு இந்தத் துன்பத்தை நேராகச் சொல்லவில்லை. ஆனாலும் அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. முதலில் செயின் போகிறது, பின்னால் பட்டா போகிறது. அப்படியானால் அளப்பவனுக்கும் அதில் பொறுப்பு இல்லையா?

2025 அக்டோபரில் வந்த விளையாட்டு முழுவதும் லுமியோஸ் நகருக்குள்ளேயே நடக்கிறது. நகரத்தைத் திருத்திக் கட்டுகிறார்கள். மனிதனும் பிராணியும் ஒரே ஊரில் எப்படி இடத்தைப் பங்கு போட்டுக்கொள்வது என்பதே பிரச்சினை. குட்டை மூடப்பட்ட ஊரில் பிறந்த விளையாட்டு, 29 வருடம் கழித்து டவுன் பிளானிங்கில் வந்து நிற்கிறது!

முடிவுரை

என் அப்பா கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூலைமட்டம் வைக்காமலேயே சுவர் ஓடிப்போயிருப்பதைச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்கு வந்தவன் நான்தான். போன மாதம் தஜிரியின் கதையை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நாங்களும் பொன்வண்டு பிடிச்சு தீப்பெட்டியில வேல இலை போட்டு வளர்த்தோம்டா. குட்டை ஓரமா நின்ன வேலமரம். இப்ப அந்த இடத்துல ஒரு வீடு நிக்குது. அதுக்குப் பூச்சு வேலை பார்த்ததே நான்தான்."

அதில் அப்பாவின் குற்றம் ஒன்றுமில்லை. அந்தக் கூலியில்தான் எனக்கு ஃபீஸ் கட்டினார். ஆனால் அவர் கையில் பிளான் வரும்போது குட்டை ஏற்கெனவே மறைந்திருந்தது. நாளைக்கு அந்தப் பிளானைப் போடப் போகிறவர்கள் நாம். சர்வே டிராயிங்கில் கிணற்றுக்கும் மரத்துக்கும் குட்டைக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்கிறோம். சைட்டில் நிற்கும்போது அதை விடாமல் போட வேண்டும். படத்தில் இல்லாத குட்டையை மூடுவது ரொம்பச் சுலபம்!

கேம்பாய் பேட்டரி எப்போதோ போய்விட்டது. அந்தக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இப்போது என்னிடம் இருக்கிறது. அது போகாத ஊர் இல்லம்மா. இனிமே போக முடியாமப் போன ஊர். அதை மறந்துவிடக் கூடாது என்றுதான் ஒருவர் வரைந்து வைத்தார்.

நண்பர்களே, நாம் வரையும் ஊர்கள் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வோம்.  

– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்