தீ அணைந்த பிறகு வந்த வெடி

நம் பாட்டரி லேபில் முதல் நாள் சொல்லித் தருவது என்ன? எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு, தீக்குச்சி கிழிக்காதே. லெட் ஆசிட் பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். வைவாவில் இதை ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகிறோம். லித்தியம் பாட்டரி மூடி சீல் வைத்ததுதானே, அதில் வாயு ஏது என்று நானும் நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் சர்ப்ரைஸ் என்று ஓர் ஊர். (பெயரே அதுதான்!) அங்கே 2 மெகாவாட்-மணி மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பாட்டரி நிலையம் இருந்தது. 2019 ஏப்ரல் 19 மாலை உள்ளே பாட்டரி சூடேறிப் புகைந்தது. புகை உணர்கருவி வேலை செய்தது. தீயணைக்கும் வாயுவும் தானாகவே பீய்ச்சியது. எல்லாம் புத்தகப்படி சரி. வந்த தீயணைப்பு வீரர்கள், வெளியே கசிந்த வெண்புகை குறையும்வரை காத்திருந்து, இரவு 8 மணி வாக்கில் கதவைத் திறந்தார்கள். சில நிமிடத்தில் வெடித்தது. நான்கு வீரர்களுக்குப் படுகாயம். ஒருவர் 20 மீட்டருக்கு மேல் தூக்கி எறியப்பட்டார்.

தீதான் அணைஞ்சாச்சே, அப்புறம் எப்படி? இங்கேதான் நான் நெடுநேரம் குழம்பினேன். அந்த வாயு சுவாலையைத்தான் அணைக்கும், செல்லுக்குள் இருக்கும் சூட்டை எடுக்காது. இரு தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுமார் 130 டிகிரியில் உருகத் தொடங்கும். உருகினால் உள்ளேயே ஷார்ட். பிறகு தன் சூட்டிலேயே வேதிவினை வேகமெடுக்கும், வெளிக்காற்று தேவையில்லை. பக்கத்து செல்லுக்கும் பரவும். ஒவ்வொரு செல்லும் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாவற்றையும் கக்கும். சுவாலை இருந்திருந்தால் அது வர வர எரிந்திருக்கும். இல்லாததால் மூடிய அறையில் சேர்ந்துகொண்டே போயிற்று. கதவு திறந்ததும் காற்றோடு கலங்கி, சூடான ஏதோ ஓர் இடத்தைத் தொட்டிருக்க வேண்டும். அந்த நிலையத்தில் எரிவாயு உணர்கருவியும் இல்லை, வாயு வெளியேற வழியும் இல்லை.

'இரும்பு பாஸ்பேட் வகை, பயமே இல்லை' என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது லேசில் சூடு மீறாது, உண்மைதான். ஆனால் 2021 ஏப்ரல் 16 அன்று பெய்ஜிங்கில் வெடித்த நிலையத்தில் இருந்தது அந்த வகைதான். இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 855 விதி இதற்கு இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, வாயு சேரும்போதே உணர்ந்து ஃபேன் ஓடி, வெடிக்கும் அளவில் கால் பங்கைத் தாண்டாமல் வெளியேற்றுவது. மற்றொன்று, வெடித்தாலும் அழுத்தம் ஆள் இல்லாத பக்கம் போகும்படி திறந்துகொள்ளும் பலகைகள் வைப்பது. இதெல்லாம் கட்டும்போதே செய்ய வேண்டியது. பிறகு நினைத்துப் பயனில்லை.

என் வீட்டில் 'கரண்ட் வேலைக்குப் படிக்கிறான்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நாளை அப்படிப்பட்ட அறையின் சாவி நம்மில் ஒருவன் கையில் இருக்கும். வெண்புகையோ அலாரமோ வந்தால் கதவைத் தொடாதீர்கள், அதற்கு நேர் எதிரே நிற்கவும் வேண்டாம். தள்ளிப் போய் 101-க்குப் போன் செய்து, உள்ளே எந்த வகை பாட்டரி, எத்தனை யூனிட் கொள்ளளவு, ஃபேன் ஓடுகிறதா என்று சொல்லுங்கள். இந்த மூன்றையும் வேலைக்குச் சேரும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.