லாலிப் பிரபு

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் காண்போர் ஹைதர் அலியை நினையாதிரார். 1755-இல் இக்கோட்டைக்கு அதிகாரியாய் வந்த அவன், பிரெஞ்சுத் தொழிலாளரைக் கொண்டு ஈண்டு ஓர் ஆயுதச்சாலை அமைத்தான். அப்பிரெஞ்சுக்காரரின் தென்னாட்டு ஆதிக்கம் 1761-இல் சரிந்தது. அச்சரிவின் பழி முழுதும் லாலிப் பிரபுவின் தலைமேல் வீழ்ந்தது. அது நீதியாகுமா?

லாலி 1702-இல் பிரான்சில் பிறந்தவர். தந்தையார் அயர்லாந்து தேசத்துப் போர்வீரர். 1745-இல் பொந்தனுவாப் போர்க்களத்தில் தம் ஐரிஷ் படையை நடத்தி ஆங்கிலேயரை எதிர்த்துப் பெரும்புகழ் எய்தினார். அவருடைய வீரத்தில் ஐயமில்லை.

1758 ஏப்ரலில் புதுச்சேரியில் இறங்கியவர், ஜூன் 2-ஆம் தேதிக்குள் தேவனாம்பட்டணக் கோட்டையைக் கைப்பற்றினார். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு பிழை செய்தார். படைக்கு வேண்டிய கூலியாட்களும் வண்டி மாடுகளும் ஆயத்தமாயில்லை. ஆகவே ஜாதி முறைமை பாராது ஊராரைப் பிடித்துச் சுமை சுமப்பித்தார். இத்தேசத்தாரின் மனம் அன்றே அவரை விட்டு நீங்கியது. பின்னர்ப் பணமுடையால் தஞ்சை மன்னரிடம் பழைய கடன்பத்திரத்தைக் காட்டி ஐம்பத்தாறு லட்சம் ரூபாய் கேட்டு முற்றுகையிட்டார். வெடிமருந்தும் உணவும் குன்றவே வெறுங்கையுடன் மீண்டார். ஹைதராபாத்தில் பிரெஞ்சுச் செல்வாக்கைத் தாங்கி நின்ற புஸ்ஸியைத் திரும்ப அழைத்ததோ அதனினும் பெருந்தவறு என்பது எம் கருத்து.

அவ்வாண்டு டிசம்பரில் சென்னையின் கறுப்பர் நகரம் பிடிபட்டது. வீரர் பலர் சூறையாடிக் குடிமயக்கத்தில் ஆழ்ந்தனர். கோட்டையோ பணியவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தோன்றவே முற்றுகை கலைந்தது. தாஷே என்னும் கடற்படைத் தலைவர் அவ்வாண்டே இக்கரையை விட்டகன்றார். கடல்வழி உதவி அற்றது. சம்பளம் பெறாத சிப்பாய்கள் கலகம் செய்தனர். புதுச்சேரி ஆலோசனைச் சபையாரோ, தம்மை ஊழற்காரரென்று வெளிப்படையாய் ஏசிய சேனாபதிக்கு மனமுவந்து உதவினாரல்லர்.

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் எய்ர் கூட்டிடம் லாலி தோற்றார்; புஸ்ஸி சிறைப்பட்டார். ஹைதர் அனுப்பிய மைசூர்த் துணைப்படையும் சில நாளில் திரும்பிவிட்டது. பஞ்சத்தால் வாடிய புதுச்சேரி 1761 ஜனவரியில் பணிந்தது.

இங்கிலாந்தில் கைதியாயிருந்த லாலி, தம்மைத் துரோகியென்று பலர் தூற்றுவதறிந்து, குற்றமற்றவரென நிலைநாட்டத் தாமே வேண்டிப் பிரான்சு சென்றார். சென்றவரைப் பஸ்தீல் சிறையில் அடைத்தனர். 1766 மே 9-இல் வாய்க்குப் பூட்டிட்டுக் கொலைக்களம் கொண்டுசென்று தலையை வெட்டினர். கடுஞ்சொல்லும் முன்கோபமும் அவர்பால் மிகுதி; துரோகமோ சிறிதும் இல்லை. வோல்த்தேர் என்னும் பேரறிஞர் அவர்பொருட்டு வாதாடினார். 1778-இல் அரசவை அத்தீர்ப்பைத் தள்ளியது. மரணப்படுக்கையில் கிடந்த வோல்த்தேர் அச்செய்தி கேட்டு மகிழ்ந்து, லாலியின் மைந்தருக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார்.